நகத்தளவு ஆடு

இருளம்மாள் என்ற பெயர் முதன்முதலில் என் காதில் விழுந்தது சாத்தூரில், ஒரு காதுகுத்து வீட்டுப் பந்தியில். பக்கத்து இலைக்காரி பாயசத்தை வழித்துக்கொண்டே, "நம்ம இருளம்மா செல்போன்ல ஒரு ஆட்டை வரைஞ்சு விட்டிருக்கா. அது தேசம் பூரா மேயுதாம்" என்றாள். பெயரைக் கேட்டதும் அறுபது தாண்டிய மனுஷி, பல்லெல்லாம் வெற்றிலைக் கறை என்றுதான் மனசு ஒரு உருவத்தைக் கட்டிக்கொண்டது. இந்த வயசில் செல்போனில் ஆடு வரைகிறாளா என்று திகைப்பு வேறு. எங்கே இருக்கிறாள் என்று கேட்டதற்கு, "அந்தா மோர் ஊத்துறாள்ல, அவதான்" என்று எச்சில் கையாலேயே காட்டினாள். பார்த்தால் சின்னப் பெண். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, "சித்தப்பா, மீசைய விட்டுட்டு டம்ளரைப் பிடிங்க" என்று ஒருவரை அதட்டிக்கொண்டிருந்தாள்.

அந்தப் பெயர் அவளுடைய அப்பாவைப் பெற்றவளுக்கு உரியது. அப்பா ஊர்க்காவலனின் அம்மா இறந்து, பதினாறாம் நாள் காரியம் முடிந்த அன்றைக்கே இவள் பிறந்தாள். வேறு பெயரைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் இவளைப் பெற்றவளுக்கோ பெயர் ரோஜா. ரோஜாவின் அப்பா ராஜபாண்டியன் ஆலங்குளம் சிமெண்டு ஆலைக்குக் கல் ஏற்றினவர். ஆலை அதிகாரி வீட்டு வாசலில் பூத்திருந்த பூவைப் பார்த்துவிட்டு வந்து, தலைச்சன் மகளுக்கு அதையே பெயராக வைத்துவிட்டார். அம்மா ரோஜா, மகள் இருளம்மாள். "ஆஸ்பத்திரியில பேரை மாத்திக் குடுத்துட்டாகளா?" என்று கேட்காத ஆள் கிடையாது.

"அவுக பேரு அவுகளுக்கு, எம் பேரு எனக்கு. இதுல உங்களுக்கு எங்கன இடிக்குது?" என்பாள் இருளம்மாள். பத்து வயசிலேயே அப்படித்தான்.

ஊர்க்காவலனும் ரோஜாவும் பட்டாசு கம்பெனிக்குப் போகிறவர்கள். அதற்கு முந்தின தலைமுறை பிறத்தியார் காட்டில் களை பறித்தது. இருளம்மாள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, கம்ப்யூட்டரில் படம் போட ஒரு வருஷம் படித்துவிட்டு, சிவகாசியில் சங்கிலிமுத்து அண்ணாச்சியின் லேபிள் ஆபீசில் உட்கார்ந்தாள். பட்டாசுப் பெட்டிக்கு மேல் ஒட்டுகிற படத்தை வரைகிற வேலை. எட்டு வருஷம் அதைச் செய்தாள்.

வேலையில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஆர்டர் கொடுக்க வருகிற பார்ட்டிகளோடு அவளுக்கு ஒத்துப் போகவே இல்லை. புஸ்வாணத்துக்குச் சிரிக்கிற குழந்தை, சங்குசக்கரத்துக்கு மயில், சரவெடிக்குப் புலி. குழந்தைக்குப் பக்கத்தில் பூ, பூவுக்குப் பக்கத்தில் நட்சத்திரம், நட்சத்திரத்துக்கு நடுவே முதலாளியின் பேரன் படம். ஒரு விரல் வைக்க இடம் இருந்தாலும், "அங்கன ஒரு ராக்கெட்டைப் போடும்மா, காலியா கெடக்கு" என்பார்கள். ஒரு தடவை தீப்பெட்டி லேபிள் ஒன்று வந்தது. இருளம்மாள் வெறும் பச்சையில் ஒரே ஒரு அணிலைப் போட்டாள். வாலைத் தூக்கிக்கொண்டு நம்மையே பார்க்கிற அணில். பார்ட்டி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இம்புட்டு எடத்தைச் சும்மா விட்டு வச்சிருக்கே, இதுக்கும் சேத்துத்தானே காசு குடுக்கேன்?" என்று கேட்டார்.

"சும்மா விட்ட எடத்துலதான் அணிலு நிக்குது" என்றாள் இவள்.

அண்ணாச்சி சமாதானம் பேசி, அணிலைச் சுற்றி ஆறு நட்சத்திரம் போட்டுக் கொடுத்தார். முதலில் போட்ட வெறும் அணிலை இருளம்மாள் தன் கம்ப்யூட்டருக்கு மேல் ஒட்டி வைத்துக்கொண்டாள்.

அந்த அணிலைத்தான் விக்னேஷ்குமார் பார்த்தான். நோட்டீஸ் அடிக்க வந்தவன் வந்த வேலையை மறந்து, "இதை யார் போட்டது?" என்று கேட்டான். சென்னையில் ஒரு வீடியோ கேம் கம்பெனியில் ஐந்து வருஷம் இருந்துவிட்டு, சொந்தமாகச் செய்கிறேன் என்று ஊர் திரும்பியவன். அவனுடைய தாத்தாவின் காட்டில்தான் இருளம்மாளின் பாட்டி, அதே பெயர்க்காரி, களை பறித்திருக்கிறாள். இது இரண்டு பேருக்கும் தெரியும். இரண்டு பேரும் அதைப் பேசிக்கொண்டதில்லை.

"ஒரு ஆடு வரைவீங்களா?" என்று கேட்டான்.

"ஆடு வரையத் தெரியாதவ அணிலு வரைவாளா சார்?"

மூன்று மாசம் வேலை செய்து பார்ப்பது, சரிப்பட்டால் நிரந்தரம் என்று பேச்சு. சங்கிலிமுத்து அண்ணாச்சி கோபப்படவில்லை. சிரித்தார். அதுதான் இருளம்மாளுக்குச் சுருக்கென்றது. "போய்ட்டு வா. ஆடிக்குள்ள திரும்பி வந்து இந்த ஸ்டூல்லதான் உக்காருவே. செல்போனுக்குப் படம் போடுறதெல்லாம் பட்டணத்துப் பிள்ளைக வேலை. பட்டாசு லேபிள் போட்ட கையி அதுக்குச் சரிவராதும்மா."

"அப்ப ஸ்டூலை வித்துருங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள்.

விக்னேஷ்குமாரின் ஆபீஸ் சூலக்கரையில், கலெக்டர் ஆபீசுக்கு மனு எழுதிக் கொடுக்கிற ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடி. மூன்று கம்ப்யூட்டர், ஒரு மின்விசிறி. விக்னேஷ்குமாரைத் தவிர சபரிநாதன் என்று ஒருவன் இருந்தான். விளையாட்டில் எது ஓடும், எது குதிக்கும் என்று கட்டளை எழுதுகிறவன். மூன்றாவது ஆள் இருளம்மாள். அவர்கள் செய்துகொண்டிருந்த விளையாட்டு ரொம்பச் சின்னது. ஒரு கறுப்பு ஆடு தெருவில் ஓடிச் சுவரில் ஒட்டிய போஸ்டரையெல்லாம் தின்ன வேண்டும். பசைவாளிக்காரர் துரத்துவார், அவரிடம் மாட்டக் கூடாது. பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் விளையாடிவிட்டுப் பையில் போட்டுக்கொள்ளலாம். தெரு, சுவர், போஸ்டர், பசைவாளி, ஆடு எல்லாம் இருளம்மாள் வரைந்தாள். இரண்டு மாசத்தில் முடிந்தது.

முடிந்தது என்று நினைத்தபோதுதான் பெரிய வேலை மிச்சம் இருந்தது. செல்போனில் விளையாட்டெல்லாம் வைத்திருக்கிற கடைக்குள் போனால், ஆயிரக்கணக்கில் அடுக்கி வைத்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் கட்டைவிரல் நகத்தளவு ஒரு படம். வருகிற ஆள் உள்ளே இருக்கிற விளையாட்டைப் பார்ப்பதில்லை, அந்த நகத்தளவுப் படத்தைத்தான் பார்க்கிறார். பிடித்தால் தொடுவார். பிடிக்காவிட்டால் தள்ளிக்கொண்டு போய்க்கொண்டே இருப்பார். ஒரு இமை தட்டுகிற நேரம்தான்.

"இதுதானா? எட்டு வருஷமா இதைத்தானே செஞ்சேன்" என்று இருளம்மாள் உட்கார்ந்தாள். நாலு நாள் உட்கார்ந்து போட்டாள். பெரிய திரையில் பார்க்க அமர்க்களமாக இருந்தது. சபரிநாதன் அதைச் சின்னதாக்கிப் போனில் ஏற்றி அவளிடம் நீட்டினான்.

"அக்கா, ஆடு எங்க?"

"கண்ணு தெரியலையா? நடுவுல நிக்குது பாரு."

"நான் எறும்புன்னு நெனச்சேன்."

வாங்கிப் பார்த்தாள். செய்தது அத்தனையும் பெட்டிக்குச் செய்கிற வேலை. காகிதம் வெட்டும்போது கத்தி கொஞ்சம் விலகும் என்று சுற்றிலும் கரை விட்டிருந்தாள். இங்கே கத்தி ஏது? கரை மட்டும் இடத்தைத் தின்றுகொண்டு நின்றது. நாலு மூலையிலும் நாலு எழுத்து வைத்திருந்தாள். கடை மூலையை வட்டமாக நறுக்கிவிட்டதில் எழுத்துக்குப் பாதி தலை இல்லை. அச்சு மைக்கு என்று கலந்த சிவப்பு, போன் வெளிச்சத்தில் செங்கல் நிறமாகச் செத்துக் கிடந்தது. எந்தப் பார்ட்டியோடு எட்டு வருஷம் சண்டை போட்டாளோ, அந்தப் பார்ட்டி தன் கைக்குள்ளேயே ஏறி உட்கார்ந்திருந்தது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. ஆட்டைச் சுற்றி ஒன்பது நட்சத்திரம் போட்டிருந்தாள்.

"அழிச்சிரு" என்றாள் சபரிநாதனிடம்.

"எதை அக்கா?"

"எல்லாத்தையும். ஆட்டையும்."

மறுநாளிலிருந்து வேறு மாதிரி செய்தாள். பெரிய திரையில் வரைவதை விட்டாள். தீப்பெட்டி மேல் தாளை எடுத்து, அதையும் நாலாக மடித்து, அந்த அளவுக்குள் பென்சிலால் போட்டாள். அந்த அளவில் ஆட்டுக்குக் கால் போட்டால் தலை தெரியாது. தலை போட்டால் உடம்பு வேண்டியதில்லை. அப்படியானால் தலை மட்டும்.

படத்தைப் பார்த்துச் சொல்ல அவளுக்கு ஆள் இருந்தது. காலையில் ரோஜா போகிற கம்பெனி பஸ்ஸில் ஏறித் திருத்தங்கலில் இறங்கி, அங்கிருந்து விருதுநகர் பஸ் பிடிப்பாள். கம்பெனி பஸ்ஸில் முப்பத்தைந்து பெண்கள். பட்டாசு வேலை நடக்கிற இடத்துக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது என்பதால் பாதிப் பேர் போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவார்கள். ஆகவே பஸ்ஸுக்குள் ஒரு போன் நீண்டால் முப்பத்தைந்து கழுத்தும் நீளும். இருளம்மாள் போனைத் தூக்கிக் காட்டுவாள். ஒன்று, இரண்டு எண்ணிவிட்டு மடக்கிவிடுவாள். "என்ன பாத்தீக?" என்று கேட்பாள்.

"நாயி."

"நாயில்லடி, கழுதை."

"ஏ ரோஜாக்கா, உம் மக உம் புருசனை வரைஞ்சிருக்கா."

"எம் புருசனுக்குத் தாடி இல்ல. உம் மாமனாரா இருக்கும், நல்லாப் பாரு" என்றாள் ரோஜா.

பஸ் சிரித்தது. இருளம்மாள் சிரிக்கவில்லை. தாடி தெரிகிறது, காது சரியில்லை என்று குறித்துக்கொண்டாள். அடுத்த நாள் காதைத் தொங்கவிட்டாள். அடுத்த நாள் கண்ணைப் பெரிதாக்கி, ஆட்டுக்கே உரிய அந்தப் படுக்கைக் கோட்டை விழிக்குள் வைத்தாள். சாயங்காலம் ஆபீசில், கடையில் இருக்கிற நாற்பது படத்துக்கு நடுவே தன் படத்தைச் செருகிப் பார்ப்பாள். நாற்பதில் முப்பது நீலமும் சிவப்பும். எல்லாமே வாயைத் திறந்து கத்திக்கொண்டிருந்தன. ஆகவே பின்னால் வெறும் மஞ்சள், முட்டைக் கருவின் மஞ்சள், வேறு ஒன்றும் இல்லை. ஆட்டின் வாயை மூடினாள். மூடிய வாயில் கிழிந்த போஸ்டர் துண்டு ஒன்று தொங்கியது. கண்ணு இரண்டும், நான் ஒன்றும் செய்யவில்லையே என்று நம்மைப் பார்த்தன.

ஒன்பதாம் நாள் அதைத் தூக்கிக் காட்டினாள்.

"களவாணி ஆடு!" என்று பின் சீட்டிலிருந்து ஒரு சத்தம்.

"ஐயோ, எங்க வீட்டுக் கெடா! ரேஷன் கார்டைத் தின்னுப்புட்டு இப்படித்தான் முழிச்சுக்கிட்டு நின்னுச்சு."

முன்னால் உட்கார்ந்திருந்த ஒருத்தி கையை நீட்டி ஆட்டின் மூக்கைத் தொட்டுவிட்டாள். தொட்ட பிறகுதான், "இதைத் தொட்டா என்னமும் ஆகுமா?" என்று கேட்டாள். இருளம்மாள் அன்றைக்கு வேறு யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. வந்த வேலை முடிந்துவிட்டது.

அன்றைக்கு மத்தியானமே விக்னேஷ்குமார் ஒரு செய்தியோடு வந்தான். பெங்களூரில் ஹரிபிரசாத் என்று ஒருவர். சின்னக் கம்பெனிகள் செய்கிற விளையாட்டை வாங்கி, விளம்பரம் செய்து உலகமெல்லாம் கொண்டுபோகிறவர். இந்த விளையாட்டை எடுத்துக்கொள்ள ஒத்துக்கொண்டிருக்கிறார். ஆனால் கடைப் படம் அவர் சொல்கிற மாதிரி இருக்க வேண்டும்.

"ஆட்டுக்குப் பதிலா ஒரு பொண்ணு. அழுவுற மாதிரி. பின்னால வீடு வெடிக்கணும். இப்ப அதுதான் எல்லாரும் தொடுறாங்களாம்" என்றான். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "வெடி போடுறது உங்களுக்குப் புதுசா இருளம்மா?" என்றான்.

"நம்ம கேம்ல பொண்ணே இல்லையே சார்."

"இல்லைதான்."

"வீடும் வெடிக்காதே."

"வெடிக்காது. படத்துக்கு மட்டும்."

"அப்ப வரைய மாட்டேன்."

விக்னேஷ்குமார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். இது தொழில், எல்லாக் கம்பெனியும் செய்கிறது, இதில் யாருக்கும் நஷ்டம் இல்லை என்று பொறுமையாகச் சொன்னான். இருளம்மாள் நின்றுகொண்டே பேசினாள்.

"நான் பத்தாவது படிக்கையில எங்கம்மா வேலை பாத்த கம்பெனியில ஒரு கூத்து நடந்துச்சு சார். லேபிள் கட்டு வந்தா மேல் தாளைப் பாத்துத்தான் எடுத்துட்டுப் போவாக. அன்னைக்கு மேல் தாளு மட்டும் அணுகுண்டு, அடியில பூராம் புஸ்வாணம். ஒட்டுற ரூம்ல இருக்கவுகளுக்குப் பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு தெரியாது. நிரப்புன ரூம்ல இருக்கவுகளுக்கு மேல என்ன ஒட்டுனாகன்னு தெரியாது. அணுகுண்டு பெட்டி எண்ணூறுக்கும் புஸ்வாணத்தை ஒட்டி லாரியில ஏத்தியாச்சு. எங்கம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஒரு பெட்டியத் தூக்குனவுக, படத்துக்கும் கனத்துக்கும் ஒத்து வரலைன்னு சொல்லிட்டாக. லோடு போவட்டும், லேட்டாகுதுன்னு எல்லாரும் வஞ்சாக. அவுக லாரிக்கு முன்னால போய்ச் சம்மணம் போட்டு உக்காந்துட்டாக. பெட்டியப் பிரிச்சுப் பாத்தப்பொறவுதான் எந்திரிச்சாக. புஸ்வாணம்னா பிள்ளைக பக்கத்துல நின்னு கை தட்டும் சார். அணுகுண்டுன்னா பத்த வச்சிட்டு ஓடணும்."

"இது விளையாட்டு. இதுல யாருக்கும் கை போகாது."

"போகாதுதான். ஆனா பொட்டியத் தொறந்து பாத்து ஏமாந்தவன், நம்ம பொட்டிய இன்னொரு தடவை தொடுவானா?"

அவன் எழுந்து போய்விட்டான். நாலு நாளில் பெங்களூரிலிருந்தே அந்தப் படம் வந்தது. கெட்டிக்காரக் கைதான் போட்டிருந்தது. வெள்ளைவெளேரென்று ஒரு பெண், கன்னத்தில் கண்ணீர், பின்னால் செக்கச் செவேலென்று தீ, தெறிக்கிற ஓடு. இருளம்மாள் நியாயமாக நடக்க வேண்டும் என்று அதையும் கம்பெனி பஸ்ஸில் தூக்கிக் காட்டினாள். ஒன்று, இரண்டு எண்ணினாள். மடக்கினாள்.

வழக்கமாக முதல் ஆளாகக் கேலி பேசுகிறவள்கூட வாயைத் திறக்கவில்லை. பிறகு பின் சீட்டிலிருந்து ஒருத்தி மெல்லக் கேட்டாள்.

"எந்தக் கம்பெனியில?"

இன்னொருத்தி, "எம்புட்டுப் பேரு?" என்றாள்.

இது விளையாட்டுக்குப் போட்ட படம், விபத்து இல்லை என்று இருளம்மாள் சொல்லச் சொல்ல, ரோஜா மகளின் கையைப் பிடித்து போனைக் கீழே இறக்கினாள். "காலங்காத்தால இதை எதுக்குடி காட்டுறே?" என்றாள். அந்த பஸ்ஸில் சொந்தத்தில் ஒரு ஆளைத் தீக்குக் கொடுக்காத குடும்பம் பாதிகூட இருக்காது. அன்று திருத்தங்கல் வரும்வரை ஒருவரும் சிரிக்கவில்லை.

ஆபீசுக்கு வந்ததும் விக்னேஷ்குமாரின் மேஜைக்கு எதிரே நின்றாள்.

"ரெண்டையும் கடையில வைங்க சார். பாதிப் பேருக்கு அது தெரியட்டும், பாதிப் பேருக்கு ஆடு தெரியட்டும். சபரி அப்படி வைக்க முடியும்னு சொல்றான். பத்து நாள் பாப்போம்."

"தோத்தா?"

"நான் போயிருதேன். மூணு மாசம் முடியவும் சரியா இருக்கும். ஆனா எத்தனை பேரு தொட்டாகன்னு மட்டும் பாக்கக் கூடாது. எடுத்தவுகள்ல எத்தனை பேரு ஒரு வாரம் கழிச்சும் அழிக்காம வச்சிருக்காகன்னு பாக்கணும். அதுல ஆடு ஜெயிச்சா ஆடுதான் கடையில நிக்கணும். வேலை எனக்கு. படம் போட்டது யாருன்னு கேமுக்குள்ள எம் பேரு வரணும். இருளம்மாள்னு முழுசா, இரு, இருளா, அப்படி இப்படி எல்லாம் நறுக்கக் கூடாது."

விக்னேஷ்குமார் சபரிநாதனைப் பார்த்தான். சபரிநாதன் கம்ப்யூட்டரைப் பார்த்தான். "சரி" என்று சொல்லிவிட்டான் விக்னேஷ்குமார்.

முதல் மூன்று நாள் அந்தப் பெண்தான் முன்னால். ஆட்டை ஒருவர் தொட்டால் அவளை இரண்டு பேர் தொட்டார்கள். நாலாம் நாள் சங்கிலிமுத்து அண்ணாச்சி போன் செய்தார். யார் மூலமாகவோ விஷயம் போயிருக்கிறது. "ஏம்மா, ஆடி பொறந்தாச்சு. அறுபது லேபிள் கெடக்கு. வீம்பு பிடிக்காம வந்துரு. உனக்குன்னு மின்விசிறி தனியாப் போட்டுத் தாரேன்."

"இன்னும் ஆறு நாளு இருக்கு அண்ணாச்சி."

"ஆறு நாளையில ஆடு யானை ஆயிருமா?"

"ஆகாது. ஆடாவே இருக்கும். அதுக்குத்தான் சண்டையே" என்று வைத்துவிட்டாள். திரும்பிப் போனால் அறுபது லேபிளுக்கும் நட்சத்திரம் போட வேண்டியிருக்கும்.

ஐந்தாம் நாளிலிருந்து மக்கள் எழுத ஆரம்பித்தார்கள். பெண்ணைப் பார்த்து எடுத்தவர்கள், "அந்தப் பொண்ணு எங்கடா?" "வீடு எப்ப வெடிக்கும்?" "ஏமாத்துக்காரப் பயலுக" என்று எழுதி, ஐந்து நட்சத்திரத்துக்கு ஒன்றைக் கொடுத்துவிட்டு அழித்துவிட்டுப் போனார்கள். ஆட்டைப் பார்த்து எடுத்தவர்கள் குறைவாகத்தான் எழுதினார்கள். ஒருவர், "எங்க ஊர் பஸ் ஸ்டாண்டு ஆடு" என்று எழுதியிருந்தார். இன்னொருவர், "அம்மா போனைத் தர மாட்டேங்கிறாங்க, அவங்களே விளையாடுறாங்க" என்று எழுதியிருந்தார்.

பத்தாம் நாள் மத்தியானம் மூன்று பேரும் ஒரே திரைக்கு முன்னால் நின்றார்கள். படத்தைப் பார்த்த நூறு பேரில் பெண்ணைத் தொட்டது பன்னிரண்டு பேர், ஆட்டைத் தொட்டது எட்டுப் பேர். முதல் நாள்களில் எடுத்தவர்களில் ஒரு வாரம் கழித்தும் வைத்திருந்தவர்கள், பெண்ணால் வந்தவர்களில் நூற்றுக்கு மூன்று, ஆட்டால் வந்தவர்களில் நூற்றுக்கு இருபத்திரண்டு.

அந்த நேரத்தில்தான் பெங்களூர் போன் வந்தது. விக்னேஷ்குமார் எல்லாரும் கேட்கிற மாதிரி வைத்தான். ஹரிபிரசாத் நல்ல தமிழில்தான் பேசினார்.

"பாத்தேன் விக்னேஷ். பன்னிரண்டுக்கு எட்டு. பொண்ணு ஜெயிச்சாச்சு. அதையே வச்சிருங்க, நாளைக்குக் கையெழுத்துப் போட்டுரலாம்."

"சார், ஒரு வாரம் கழிச்சு இருக்கிறவங்க எண்ணிக்கை பாத்தீங்களா? அதுல ஆடு..."

"இருந்தா என்ன, போனா என்ன? போறவனுக்குப் பதிலா புதுசா பத்துப் பேரு வருவான். அந்த ஆட்டை யாரு போட்டது? ஏதோ பட்டாசு லேபிள் வரையிற பொண்ணுன்னு சொன்னீங்களே."

இருளம்மாள் குனிந்து போனுக்கு நேராகப் பேசினாள்.

"பட்டாசு லேபிள் வரையிறவதான் சார் பேசுறேன். உங்க படத்தை எங்க கம்பெனி பஸ்ஸுல காட்டுனேன். எத்தனை பேரு செத்தாகன்னு கேட்டாக. அப்படி ஒரு படத்தை வச்சு ஆட்டை விக்கணும்னா அந்த ஆடு பட்டினி கெடக்கட்டும்."

ஹரிபிரசாத், "விக்னேஷ், உங்க ஆபீஸ்ல முடிவெடுக்கிறது யாரு?" என்று கேட்டார்.

விக்னேஷ்குமார் போனைக் கையால் மூடிக்கொண்டு அவளைப் பார்த்தான். மூஞ்சி சிவந்திருந்தது.

"கேம் உங்களோடது, முடிவும் உங்களோடதுதான் சார்" என்றாள் இருளம்மாள். "ஆனா பத்து நாளைக்கு முன்னால இந்த எடத்துல வச்சு ஒண்ணு பேசுனோம். அதுபடி ஆடு ஜெயிச்சிருக்கு. பேச்சு மாறுனா, நான் வரைஞ்ச ஆடு, தெரு, சுவரு, பசைவாளி ஒண்ணும் உள்ள இருக்காது. எல்லாத்தையும் அழிச்சுட்டுத்தான் படியெறங்குவேன்."

"மிரட்டுறீங்களா?"

"ஆமா."

சபரிநாதனுக்குப் புரை ஏறிவிட்டது. தண்ணீர் குடிக்கப் போனவன் திரும்பி வருவதற்குள் விக்னேஷ்குமார் கையை எடுத்துவிட்டான். "பொண்ணு இல்லை சார். ஆடுதான்" என்று போனில் சொன்னான். ஹரிபிரசாத் வருத்தமாக இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அதோடு அந்தக் கையெழுத்து போயிற்று.

விக்னேஷ்குமார் இரண்டு நாள் இருளம்மாளோடு பேசவில்லை. அவனுக்கும் கோபப்பட உரிமை இருந்தது. மாடிக்கு வாடகை கொடுக்கிறவன் அவன். இருளம்மாளும் பேசவில்லை. தேநீர் வந்தால் சபரிநாதன் இரண்டு பேருக்கும் நடுவே டம்ளரை மாற்றிக்கொண்டிருந்தான். மூன்றாம் நாள் காலையில் விக்னேஷ்குமார் தலையைத் தூக்காமலே, "பேரை எப்படிப் போடணும்?" என்று கேட்டான்.

"படம்: இருளம்மாள். அவ்வளவுதான் சார்."

"இனிஷியல்?"

"ஊ. ஊர்க்காவலன் கோவிச்சுக்குவாரு, போட்டுருங்க."

விளையாட்டு ஒன்றும் உலகத்தைப் புரட்டிவிடவில்லை. விளம்பரத்துக்கு ஆள் இல்லாததால் மெல்லத்தான் போயிற்று. எடுத்தவர்கள் வைத்துக்கொண்டார்கள், வைத்துக்கொண்டவர்கள் அடுத்தவருக்குக் காட்டினார்கள். காதுகுத்து வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரி தேசம் பூரா என்று சொன்னது கொஞ்சம் கூடுதல். மூன்று ஜில்லா தாண்டி நாலாவதில் மேய்கிறது என்றால் சரியாக இருக்கும். ஆனால் மாடிக்கு வாடகை வந்தது, மூன்று பேருக்கும் சம்பளம் வந்தது, அடுத்த விளையாட்டுக்கு வேலை தொடங்கியது.

பந்தி முடிந்து கை கழுவுகிற இடத்தில், "கல்யாணம் எப்பம்மா?" என்று நான் அவளிடம் கேட்டதற்கு, "ஆட்டைக் கேட்டுச் சொல்லுதேன் மதினி" என்று சொல்லிவிட்டு மோர்ச்சட்டியோடு உள்ளே போய்விட்டாள்.

இருளம்மாளுக்கு இப்போது இருபத்தொன்பது வயது. சூலக்கரையில் அதே மாடியில் நிரந்தர வேலையில் இருக்கிறாள். இரண்டாவது விளையாட்டுக்கு ஒரு எருமையின் முகத்தை வரைந்துகொண்டிருக்கிறாள்.